சூட்டில் அவிழ்ந்து திரும்பி வந்த புரதம்

போன மே மாதம் ஒரு கல்யாணத்துக்காக டில்லி போயிருந்தேன். கரோல் பாக்கில் தங்கல். சரோஜினி நகரில் வளர்ந்த என் நண்பர் மகள் ஜனனி, தெற்கு டில்லியில் ஓர் ஆய்வகத்தில் புரதங்களை ஆராய்கிறாள். "குதுப் மினார் எங்கயும் போகாது அங்கிள், நாளைக்கு என் மெஷினைப் பாக்க வாங்க" என்றாள்.

மெட்ரோவில் ஏறி, ராஜீவ் சௌக்கில் மஞ்சள் தடத்துக்கு மாறி ஹௌஸ் காஸில் இறங்கினேன். முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். வெளியே நாற்பத்துமூன்று டிகிரி.

மருந்தாகப் பயன்படக்கூடிய ஒரு புரதம் ஜனனியுடையது. வெயிலில் சூடேறினால் அதன் மடிப்பு அவிழ்ந்துவிடும். ஆறியதும் பழைய வடிவத்துக்குத் திரும்புமா? திரும்பினால்தான் குளிர்பெட்டி இல்லாத ஊர்களுக்கும் அதை அனுப்பலாம். குளிர்காலம் முழுக்க உழைத்துத் தயாரித்ததில் மிச்சம் ஒரே ஒரு குழாய்.

ஜனனியின் மெஷினில், கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியை இடமாகவும் வலமாகவும் சுழலவிட்டு, புரதத்தின் ஊடே அனுப்புகிறார்கள். சுருளாக மடிந்த புரதம் இரண்டையும் ஒரே அளவில் உறிஞ்சாது. அந்த வித்தியாசம் திரையில் கோடாக விழும். சுருள் இருந்தால் கோட்டில் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள்.

முதல் தடவை ஒரு பள்ளம்தான் தெரிந்தது. மற்றது இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கிறுக்கல். ஜனனியின் விடுதி அறைத்தோழி, அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நாகர்கோவில் மேரி, எட்டிப் பார்த்தாள்.

"உப்புக் கரைசலோடயே கொண்டாந்துட்டியாட்டி? ஒளியை உப்பே குடிச்சிரும்லா. சாம்பாருக்குத்தான் உப்புப் போட மறப்ப!"

"அரே, சும்மா இரு மேரி."

இருவருமாகப் புரதக் கரைசலை ஒரு சிறு வடிகுழலில் விட்டு உப்பை நீக்கினார்கள். அதில் கொஞ்சம் புரதமும் போயிற்று. மிஞ்சியது, மெஷினுக்குள் வைக்கும் குவார்ட்ஸ் புட்டிக்கு மட்டுமட்டாக இருந்தது. இம்முறை இரண்டு பள்ளங்களும் தெளிவாக விழுந்தன.

பிறகு தொண்ணூறு டிகிரி வரை சூடேற்றினார்கள். பள்ளங்கள் மெல்ல மெல்லத் தூர்ந்தன. ஜனனி நகத்தைக் கடித்தாள். "வராட்டி?" என்று கேட்டேன். "வராட்டி முதல்லேர்ந்துதான் அங்கிள்."

ஆறவிட்டு மறுபடி ஒளியைச் செலுத்தினார்கள். கோடு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. முதல் கோட்டின் மேலேயே போய்ப் படிந்தது. முப்பது வருடம் செய்தி எழுதியவன் நான். குறிப்பெடுக்க மறந்து நின்றேன்.

"மத்தியானச் சாப்பாடு உன் செலவு" என்றாள் மேரி. ஜனனி தலையை ஆட்டினாள்.

நீங்களும் இந்த ஆய்வகத்துக்குப் போக நினைத்தால் மே மாதம் வேண்டாம், பிப்ரவரி நல்லது. தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள். வாயிலில் பெயர் பதிந்து உள்ளே விட நேரமாகும்.

திரும்பும்போது மெட்ரோ நிலையத்துக்கு நடந்தே போகலாம் என்று கிளம்பி, இரண்டு பேரிடம் வழி கேட்டேன். பழைய வடிவத்துக்குத் திரும்ப அந்தப் புரதம் யாரிடமும் வழி கேட்கவில்லை.