ட்ரெயினர் சொன்ன ‘சாக்கு’

மதுரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிது. கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்று நின்று முழங்கால் வலித்தது. வேலை போய்விடுமோ என்று பயந்து, காலுக்கு வலு வரட்டும் என்று ஜிம்மில் சேர்ந்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எதையும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவேன். ட்ரெயினர் ஒரு கன்னடக்காரப் பெண். அவரிடமும் வலியைப் பற்றிச் சொல்லவில்லை.

நான் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யும்போதெல்லாம் அவர் “சாக்கு, சாக்கு!” என்பார். சாக்குச் சொல்லி ஏமாற்றுகிறேன் என்கிறாரோ என்று பதறி, இன்னும் வேகமாகச் செய்வேன். ஒருநாள் கால் நடுங்கியபோதும் அதையே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“சாக்கு இல்ல மேடம், நெசமாவே முட்டி வலிக்குது!”

“அய்யோ அக்கா! கன்னடத்துல சாக்குன்னா ‘போதும்’. நிறுத்துங்கன்னு நான் கத்தறேன், நீங்க எக்ஸ்ட்ரா போட்டுட்டே இருக்கீங்க!”

இருவரும் சிரித்துவிட்டோம்.

“சரி, உங்களுக்கு என்னதான் வேணும்? ஒல்லியாகணுமா?” என்று கேட்டார்.

“அதெல்லாம் வேணாம். ஷிப்ட் முடியறவரை வலியில்லாம நிக்கணும்.”

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து எழச் சொன்னார். அன்றிலிருந்து என் பயிற்சியே மாறிவிட்டது.

இப்போது வலி குறைந்து வருகிறது. கவலைப்படும் குணம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் முட்டி லேசாக முனகினாலே நான் முந்திக்கொண்டு “சாக்கு” என்கிறேன். அவரும் உடனே நிறுத்திவிடுகிறார்.