இரண்டாவது டெஸ்ட்

போன செவ்வாய்க்கிழமை மாத்தளையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் வாசித்தேன். வாசிக்கவில்லை... ஒளிந்துகொண்டிருந்தேன். அது பாலியல் நோய் கிளினிக்.

பக்கத்தில், இரத்தோட்டையிலிருந்து வந்திருந்த ஒருவர் மெதுவாகச் சாய்ந்து சொன்னார்: "ஐயா, பேப்பரத் திருப்பிப் புடிங்க. ஒங்க மூஞ்சி வெளிய தெரியுது."

பார்த்தேன். வாராவாரம் நான் எழுதும் இதே பத்தி. மேலே என் இதே போட்டோ. ஒளிவதற்கு வேறு பக்கமே கிடைக்கவில்லையா எனக்கு?

எப்படி அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன் — இல்லாவிட்டால் நீங்களே ஒரு கதை கட்டிக்கொள்வீர்கள். என் மனைவி டோஹாவில் டீச்சர். போய் இரண்டு வருஷம். ராத்திரியில் போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து, அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அலுவிகாரை வீட்டில் நான் சாப்பிடுவேன். ஒருவழியாக என்னையும் கூப்பிட்டுக்கொள்ள விசா சரிவந்து, மெடிக்கலுக்குப் போனால்... ரத்தத்தில் சிபிலிஸ் இருக்கலாம் என்று ரிசல்ட்! விசா நின்றது.

கிளினிக் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். முதல் டெஸ்ட் அந்தக் கிருமியை நேரடியாகத் தேடுவதில்லையாம். வேறு காய்ச்சலுக்கும், சமயத்தில் வயசுக்கும்கூட 'இருக்கு' என்று காட்டிவிடுமாம். அந்தக் கிருமிக்கென்றே உள்ள இரண்டாவது டெஸ்டையும் பார்த்துத்தான் முடிவு. ஒரே தடவையில் எல்லாம் சொல்லும் டெஸ்ட் கிடையாதா என்று கேட்டேன். ஆராய்ச்சி நடக்கிறது என்றார். கொஞ்சம் சீக்கிரம் நடத்தச் சொல்லுங்கள் என்றேன். சிரித்துவிட்டு, ரத்தம் எடுக்க அனுப்பினார்.

அன்று சாயந்திரம் மனைவிக்கு போன். எப்படிச் சொல்வது? மழை, பக்கத்து வீட்டு நாய், மிளகாய் விலை என்று சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் சொன்னேன்.

"ஒங்களுக்கா?" என்றாள்.

அப்புறம் சிரித்தாள். புருஷனை இவ்வளவு நம்பலாமா? எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. சிரிப்பு அடங்கியதும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்ப இந்த மாசமும் வர மாட்டீங்களா?"

அதை என் ரத்தம்தான் சொல்ல வேண்டும். அது எங்கோ ஒரு லேப்பில் இருந்தது.

நேற்று ரிசல்ட் வந்தது. சிபிலிஸ் இல்லை. கிளினிக் வாசலைத் தாண்டுமுன்பே போன் பண்ணினேன்.

"எனக்குத் தெரியுந்தானே," என்றாள். "நீங்க சொன்ன மறுநாளே கடைக்குப் போய் இன்னொரு தலகாணி வாங்கிட்டேன். கட்டில்ல அந்தப் பக்கம் போட்டு வச்சிருக்கேன்."

நான் குறட்டை விடுவேன் என்பதை மறந்துவிட்டாள் போல. நானும் ஞாபகப்படுத்தவில்லை.