வாள்வீரனின் கண்ணை நான் காப்பாற்றியது

என் கணவருக்கு வலது கண்ணில் விழித்திரை கிழிந்து ஆபரேஷன் ஆனது. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டு, ஒரு வாரம் ராப்பகலாகத் தலையைக் கவிழ்த்தபடியே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். முகம் தரையைப் பார்த்தால்தான் குமிழி மேலே எழும்பித் திரையை அழுத்திப் பிடிக்குமாம். இடது கண்ணின் திரையும் மெலிந்திருக்கிறது, அங்கேயும் இது வரலாம் என்று கிளம்பும்போது சொன்னார். சன்னிவேலில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை.

இதற்கென்றே ஒரு நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. மசாஜ் கடையில் இருப்பது போல முகம் புதைக்க ஒரு வளையம் வைத்தது. அவர் அதில் உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது பின்மண்டை மட்டும்தான். படிக்கக் கூடாது, டிவி பார்க்கக் கூடாது. பாட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

"ஷெல்ஃப்ல பச்சை அட்டை புக் ஒண்ணு இருக்கும். அதை எடுத்துப் படிச்சுக் காட்டேன்" என்றார்.

எந்த ரகம் என்று பார்க்காமலே தெரியும். சீன வாள்சண்டை நாவல். கம்பெனி ஷட்டில் பஸ்ஸில் கூட வரும் சீன நண்பர் பழக்கிவிட்டது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்புகளை வாங்கி வாங்கி அடுக்கியிருந்தார். தலை நரைத்த மனிதர், கூரைக்குக் கூரை தாவுகிறவர்களின் கதையைச் சோறு தண்ணி மறந்து படிப்பதை நான் கேலி செய்யாத நாளில்லை.

இங்கிலீஷில் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொண்டது. "தமிழ்லயே சொல்லு" என்றார். ஒரே குருவிடம் முன்னால் சேர்ந்தவனைக் கூப்பிட இங்கிலீஷில் மூன்று வார்த்தை செலவாகிறது. நான் 'அண்ணே' என்றேன். குருவின் மனைவி 'அம்மா' ஆனாள். முறை வைத்துக் கூப்பிட்டதுமே அவர்கள் வித்தை பழகும் மலையும் மடமும் சொந்தக்காரர் வீடு மாதிரி ஆகிவிட்டன. எவன் வாக்குக் கொடுத்தான், எவன் அதை மீறினான் என்று குழம்பு கொதிக்கும்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இவரைக் கிண்டல் செய்தவள் ஒரே நாளில் கவிழ்ந்தேன்.

அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தது. எதிரி நம் வீரனின் முகத்தில் விஷப்பொடியை வீசுகிறான். இரண்டு கண்ணும் போகிறது. படிப்பதைப் பாதியில் நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்கிறேன்."

குடித்துவிட்டு, "பொடியை வீசினான். இவன் சட்டுனு திரும்பிக்கிட்டான். கால் வழுக்கிப் பள்ளத்துல விழுந்து, கால் ஒடஞ்சு போச்சு" என்றேன். ஏதாவது ஒன்று உடைய வேண்டுமே.

பொய் சொல்வது சுலபமாக இருந்தது. அதற்குப் பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. மீதிக் கதை முழுவதும் பார்வை போனதைச் சுற்றியே ஓடியது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே நான் வேறு கதை கட்டினேன். கடைசிச் சண்டையில் கால் ஒடிந்தவன் எப்படி ஜெயிப்பான் என்று முழித்தபோது, நாற்காலிக்குள்ளிருந்து, "அங்க ஒரு குதிரை இருக்குமே" என்றார்.

"இருக்கு, இருக்கு. இதோ அடுத்த பக்கத்துலயே வருது."

அவர் தோள் குலுங்கியது. கதை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வாரம் முடிந்ததும் டாக்டர் பார்த்தார். திரை ஒட்டியிருந்தது. பார்வை எவ்வளவு திரும்பும் என்பது குமிழி கரைந்த பிறகுதான் தெரியும் என்றார். நான் கார் ஓட்ட, அவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். அதைப் பார்ப்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

"கதை நல்லா இருந்துச்சு. ஆனா அவனுக்குக் கால் ஒடியாதே" என்றார்.

நல்லவேளை, சிக்னலில் நின்றிருந்தேன். "முன்னாடியே படிச்சிருக்கீங்களா?"

"ஷட்டில்ல. ரெண்டு தடவை."

"அப்புறம் எதுக்குங்க அதையே கேட்டீங்க?"

பச்சை விழுந்து வண்டியை எடுத்தபோது சொன்னார். "கண்ணு போனதும் அவன் அழுவான். வாளைத் தூக்கி எறிவான். அப்புறம் ஒவ்வொண்ணா முதல்லேர்ந்து கத்துப்பான். கஞ்சிக் கிண்ணம் எங்க இருக்குன்னு தடவிப் பாக்குறதுல ஆரம்பிச்சு. எல்லாத்தையும் இழந்தவன்கிட்டதான் இந்தக் கதைங்க ஆரம்பிக்கும். அதனாலதான் எனக்குப் பிடிக்கும். அந்த இடத்தை ஒரு தடவை கேட்டுக்கணும்னு இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"நீ அவ்வளவு கஷ்டப்பட்டு அவன் கண்ணைக் காப்பாத்தினே. எப்படிச் சொல்றது?"

அவருக்குப் பயமே இல்லை, எனக்கு மட்டும்தான் என்று ஒரு வாரம் நினைத்திருந்தேன். பயத்தோடு அவர் தனியாக இருந்திருக்கிறார், நான் வாய் ஓயாமல் பக்கத்திலேயே இருந்தும்.

வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றிய கையோடு, புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். இந்த முறை ஒரு வரி விடாமல் சொன்னேன். பொடி விழுந்தது. அவன் அழுதான். வாளை எறிந்தான். இருட்டில் கையை நீட்டிக் கஞ்சிக் கிண்ணத்தைத் தேடும் இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது.

"நிறுத்தாத, சொல்லு" என்றார்.