யாதவகிரி வீட்டு நீலக் கம்மல்

அந்தக் கம்மலை நான் முதன்முதலில் பார்த்தபோது அது யார் காதிலும் இல்லை. ஓர் ஆணின் உள்ளங்கையில் இருந்தது. மைசூர் யாதவகிரியில், சாலையிலிருந்து பார்த்தால் மரங்கள் மட்டுமே தெரியும் ஒரு பெரிய வீடு. அதன் மாடியறையில் கண்ணாடி முன்னால் மேடம் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய கூந்தலைக் கொண்டையாக முடிந்து ஊசி செருகிக்கொண்டிருந்தேன். சார் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து கையை நீட்டினார். நாவல்கொட்டை அளவில் இரண்டு நீலக்கற்கள், சுற்றிலும் பொடி வைரம், காதிலிருந்து சற்று இறங்கித் தொங்கும்படியான வேலைப்பாடு. ஜன்னல் வெளிச்சம் பட்டதும் கல்லுக்குள் ஏதோ புரண்டு படுப்பது போலிருந்தது. "போட்டு விடு" என்றார் கன்னடத்தில். நான் திருகாணியை முடுக்கி முடிக்கும்வரை என் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். முடிந்ததும் மனைவியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. கண்ணாடியில் கற்களை மட்டும் பார்த்துவிட்டு, திருப்தியோடு இறங்கிப் போனார்.

அப்போது நான் ஓர் அழகு நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் கொள்ளேகாலைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கௌதள்ளியைச் சேர்ந்தது. அப்பா கட்டட வேலைக்கென்று மைசூருக்கு வந்தவர், அப்படியே தங்கிவிட்டார். பார்லரை நடத்திய அக்கா, பெரிய வீடுகளுக்கு அலங்காரத்துக்கு ஆள் கேட்டால் என்னைத்தான் அனுப்புவார். யாதவகிரி வீட்டுக்குப் போகும் நாளில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. ஊரில் அந்தத் தம்பதியைத் தெரியாதவர்கள் குறைவு. சாரின் குடும்பத்துக்கு ஹோட்டல்கள் இருந்தன. குதிரைப் பந்தயம், கிளப் விருந்து, தசரா சமயத்தில் அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நடக்கும் கொண்டாட்டம், எங்கே பார்த்தாலும் சாரின் கை மேடத்தின் முதுகில் லேசாகப் பதிந்திருக்கும். மேடத்தின் காதில் நீலம் மின்னும். ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் அவர்கள் படம் வரும்போது நாங்கள் பார்லரில் கூடி நின்று பார்ப்போம். "ஜோடின்னா இது" என்று யாராவது சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

அடிக்கடி போய்வர ஆரம்பித்த பிறகுதான் சில விஷயங்கள் உறுத்தத் தொடங்கின. கம்மல் பெட்டி மேடத்திடம் இருந்ததே இல்லை. சார் கொண்டுவருவார், விருந்து முடிந்ததும் அவரே வாங்கிக்கொள்வார். மேடத்தின் போனும் கீழே சாரின் மேஜையில்தான் இருக்கும். எந்தப் புடவை, எந்தக் கொண்டை என்று நான் கேட்டால், சாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்வார். ஒருமுறை குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டபோதுகூட அவர் கண் கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. கல்லின் கனத்தில் காதுத் துளைகள் கீழ்நோக்கி இழுபட்டு, சிவந்து, நீர் கோத்திருந்தன. கனத்தைத் தாங்க மாட்டல் போட்டுவிடலாம் என்றேன். சாருக்கு அது பிடிக்கவில்லை. தங்கச் சங்கிலி கல்லை மறைக்கிறதாம். காதுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததாக மேடம் ஒருநாள் சொன்னார். அன்று மாலையே சார் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் எப்போதும் போலச் சிரிப்பு. அவர் ஒருநாளும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் எனக்குப் பயத்தை உண்டாக்கியது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

பார்லரில் அக்காவிடம் சொன்னேன். பேச்சின் வாலில் கன்னடத்தை ஒட்டிக்கொள்ளும் மைசூர்த் தமிழ் அவருடையது. "நீலம் எல்லாருக்கும் ஆகாது கணே. தலகாணி அடியில வெச்சுப் பாத்து, கெட்ட கனவு வரலைன்னாதான் போடணும். அந்தம்மாவுக்கு ஒத்துக்கல போல" என்றார். அங்கிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். கல்லைக் குற்றம் சொல்வது எளிதாக இருந்தது. எனக்கும் கொஞ்ச நாள் அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது.

பிறகு ஒரு மதியம், கிளப்பில் ஏதோ வரவேற்பு என்று அழைத்திருந்தார்கள். மேடம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துண்டை எடுத்தால், இடது காதின் மடல் கிழிந்திருந்தது. தையல் போட்டுச் சில நாள் ஆகியிருக்க வேண்டும். புடவை நூலில் மாட்டிக்கொண்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். காதுக்குப் பின்னால், கழுத்து ஆரம்பிக்கும் இடத்தில், விரல்கள் அழுத்திய கறுப்பு இருந்தது. புடவை நூலுக்கு விரல்கள் கிடையாது. பஞ்சில் மருந்தை நனைத்து ஒற்றினேன். கை கொஞ்சம் அழுந்திவிட்டது போலிருக்கிறது.

"மெல்ல கண்ணு, வலிக்குது" என்றார்.

தமிழ். அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ். சென்னையில் பழைய பெரிய குடும்பம், பெற்றோர் இல்லை, ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர் என்றுதான் அவரைப் பற்றி ஊருக்கே தெரியும். நான் கையை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். வாயிலிருந்து விழுந்துவிட்டதை இனி எடுக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"எந்த ஊருங்க உங்களுக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"ராமாபுரம்" என்றார். "யாருகிட்டயும் சொல்லிப் போடாத."

கௌதள்ளிக்குப் பக்கத்து ஊர். கொள்ளேகாலில் படித்துவிட்டு, சாருடைய ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்த பெண் அவர். கல்யாணம் கோவாவில் நடந்தது. அவர் வீட்டார் யாரையும் அழைக்கவில்லை. விவசாயக் குடும்பம் என்று தெரிந்தால் தன் வட்டத்தில் மதிப்பு இருக்காது என்று சார் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகிவிடும், பிறகு போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் கொஞ்ச நாள் வரவே இல்லை. ஊரில் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள். "நீ ஊருப் பக்கம் போனயின்னா என்ற தம்பியப் பாத்து, நான் நல்லா இருக்கறன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். படியில் சாரின் காலடி கேட்டதும் அவர் முகம் மறுபடி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது.

அடுத்து ஊருக்குப் போனபோது ராமாபுரம் போனேன். தம்பி தோட்டத்தில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே போடாமலேயே கேட்டார். நான் சொல்லி முடித்ததும் ஒரு மடையை அடைத்துவிட்டுத் திரும்பினார்.

"எங்கக்கா நல்லா இருக்குதுன்னா, அதை எதுக்குங்க உங்ககிட்டச் சொல்லி அனுப்புது?"

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அக்காவுக்குத் தெரியாதுங்களா? அம்மா போன மழைக்கு முந்தியே தவறிருச்சுங்க. நானே மைசூருக்கு வந்து கேட்டுல நின்னனுங்க. அக்கா வெளிநாடு போயிருக்குது, தகவல் சொல்லிக்கிறோம்னு அந்த வீட்டுக்காரரே வந்து சொன்னாருங்க. தோள்ல கைய வெச்சு ஆறுதல்கூடச் சொன்னாரு."

நான் கணக்குப் பார்த்தேன். அந்தச் சமயத்தில் மேடம் எங்கும் போயிருக்கவில்லை. வாராவாரம் அவருக்குத் தலை வாரிவிட்டவள் நான். வழி நெடுக, பஸ்ஸில், அந்த வீட்டின் மாடி ஜன்னலே கண்ணுக்குள் நின்றது. கேட் அந்த ஜன்னலிலிருந்து தெரியாது. சார் அந்த அறையை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மைசூர் திரும்பிய பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது தசரா விருந்துக்குத்தான். கீழே தோட்டத்தில் பந்தல்காரர்கள் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சார் வழக்கம்போல வந்து கம்மலைக் கொடுத்துவிட்டு, யாரோ கூப்பிட்டதால் முதல்முறையாகப் பாதியில் இறங்கிப் போனார். வலது காதில் போட்டிருந்தேன். தையல் ஆறிய இடது காது பாக்கி. எப்படிச் சொல்வதென்று ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின. "உங்க அம்மா இல்லைங்க" என்றேன். தம்பி கேட்டுக்கு வந்ததையும், சார் சொல்லி அனுப்பியதையும் சொன்னேன்.

மேடம் அழவில்லை. "எப்ப?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அன்னைக்கு எங்க கல்யாண நாள் விருந்து நடந்துச்சு" என்றார். "அவரு எனக்குப் பாயசம் ஊட்டி விட்டாரு. போட்டோ எடுத்தாங்க." பிறகு எழுந்து நின்றார். "தம்பி நம்பர் இருக்குதா?"

என் போனில்தான் பேசினார். தம்பி ஏற்கெனவே மைசூரில் இருந்தார். நான் போய்ப் பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, மஞ்சள் மண்டிக்கு வந்ததைச் சாக்காக வைத்து நகரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மேடம் படியிறங்கியபோது நானும் பின்னால் போனேன். கூடத்தில் சார் நின்றார். ஒரே பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பந்தல்காரர்கள் காதில் விழாதபடி, மிகவும் மென்மையாக, "கம்மலைக் கழட்டி வச்சிட்டுப் போ" என்றார். மேடம் காதுக்குக் கையைக் கொண்டுபோனார். திருகாணி பிடிபடவில்லை. நான்தான் கழற்றி, என் கையிலிருந்த இன்னொன்றோடு சேர்த்து சாரின் கையில் வைத்தேன். அவர் இரண்டு கற்களையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "இந்த கேட்டைத் தாண்டினா உனக்கு யாரும் கிடையாது" என்றார். மேடம் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார். வெளியே, மஞ்சள் தூசி படிந்த ஒரு சரக்கு வண்டியின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சார் என் பக்கம் திரும்பி, "நீ நாளைலேர்ந்து எங்க வேலை செய்யப்போற?" என்று கேட்டார். அக்கறையோடு கேட்பது போலவே இருந்தது.

அது என்ன கேள்வி என்பது சில நாளில் தெரிந்தது. பார்லருக்குப் போலீஸ் வந்தது. அலங்காரம் செய்யவந்த பெண் நீலக்கல் கம்மலைத் திருடி, மேடத்தின் தம்பியோடு சேர்ந்து கடத்திவிட்டாள் என்று புகார். என்னை ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அப்பா வேலையிலிருந்து சிமென்ட் கையோடு ஓடிவந்து வாசலிலேயே நின்றார்; உள்ளே விடவில்லை. ராமாபுரத்துக்கும் ஆள் போயிருப்பதாகக் காவலர்கள் பேசிக்கொண்டார்கள். மேடத்தைத் திரும்ப இழுத்துவர சாருக்கு அந்த ஒரு கயிறு போதும் என்று எனக்குப் புரிந்தது. தம்பியை உள்ளே வைத்தால் அக்கா தானாக வந்துவிடுவார்.

பார்லர் அக்கா கலங்கிப்போனாலும் சும்மா இருக்கவில்லை. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு டாக்டரின் மனைவி, சாரின் வட்டத்தைச் சேர்ந்தவர், அந்தத் தசரா விருந்துக்குப் போயிருந்தார். பெரிய இடத்து மனிதர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் என்னை விடுவார்கள் என்ற எண்ணத்தில்தான் அக்கா அவரை அழைத்துவந்தார். அவர் தயங்கித் தயங்கித்தான் உள்ளே வந்தார். இன்ஸ்பெக்டர் புகாரை வாசித்தார்.

"கம்மல் விருந்தன்னைக்கு மதியமே போயிடுச்சுன்னு எழுதியிருக்கா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

ஆமாம் என்றார் இன்ஸ்பெக்டர்.

எதை இழக்கப்போகிறோம் என்று அந்த அம்மாள் யோசித்திருப்பார். பிறகு கைப்பையைத் திறந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். விளக்குச் சரங்களின் கீழே, சாருக்குப் பக்கத்தில் இந்த அம்மாளே சிரித்துக்கொண்டு நின்றார். காதுகளில் நீலம். "மேடத்துக்குக் காய்ச்சல், கல்லைப் பார்க்காம விருந்தாளிங்க ஏமாந்துடுவாங்கன்னு அவரே என்கிட்ட குடுத்துப் போட்டுக்கச் சொன்னார். போகும்போது அவரேதான் வாங்கிக்கிட்டார்" என்றார்.

மனைவி போன மாலையிலும் அந்தக் கற்களை யாருக்காவது காட்டாமல் இருக்க அவரால் முடியவில்லை. நாங்கள் தப்பித்தது அதனால்தான். வேறொரு பெட்டியில் கிடைத்துவிட்டதாகச் சொல்லிப் புகாரைத் திரும்பப் பெற்றார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. டாக்டர் மனைவியை அதன்பிறகு எந்த விருந்துக்கும் அழைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். விவாகரத்து முடிய வருடங்கள் ஆயின. மேடம் ராமாபுரத்தில் வீட்டின் முன்னறையில் பள்ளிப் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். நான் இப்போது அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். ஆரம்பத்தில், பகலிலேயே வாசலில் கார் சத்தம் கேட்டால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாராம். இப்போது போவதில்லை, ஆனால் பேச்சை நிறுத்திக் கேட்பார்.

எனக்கும் இப்போது சொந்தமாகச் சின்ன பார்லர் இருக்கிறது. போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். இளம் குரல். வீட்டில் விசேஷம், வந்து அலங்காரம் செய்ய முடியுமா என்று கன்னடத்தில் கேட்டாள். முகவரி சொன்னாள். யாதவகிரி. சார் மறுமணம் செய்துகொண்டார் என்று ஊரில் பேச்சு இருந்தது. முன்பு அந்த வீட்டுக்கு அலங்காரத்துக்குப் போனவள் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். அன்றே ராமாபுரத்து அக்காவுக்குப் போன் செய்தேன்.

அவர் நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். "அந்தப் புள்ள எப்படிப் பேசுச்சு?" என்றார்.

"நிறுத்தி நிறுத்திப் பேசினாங்க அக்கா. ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி பக்கத்துல யாரையோ கேட்டுட்டுச் சொல்ற மாதிரி."

பின்னணியில் பெண்கள் ஏதோ ஆங்கிலப் பாடத்தைக் கூட்டமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ போ" என்றார் அக்கா. "போயி நல்லபடியாத் தலை வாரி விடு. கதவுப் பக்கம் யாரும் இல்லாதப்ப, உங்க அம்மாகிட்டக் கடைசியா எப்பப் பேசுனீங்கன்னு கேளு. பதில் சொல்லத் தயங்குனா, என்ற நம்பரக் குடுத்துட்டு வா."