ரேடியோப் பெட்டிமேல் நடந்த சங்கு

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் ராமேஸ்வரம் தீவுக்குப் போய்வந்தோம். கடற்கரையில் பொறுக்கிய ஒரு சங்கைத் தென்காசி வீட்டில் ரேடியோப் பெட்டிமேல் வைத்தேன்.

அந்த வாரமே குற்றாலத்தில் குளிக்க என் கணவரின் அண்ணன் வடகரையிலிருந்து வந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, ராமர் அணை கட்டிய கதையை எங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அப்போது சங்கு நடந்தது.

"ஏலே, சூடத்தை எடுலே! சாமி வந்திருக்கு!" என்று தம்பியிடம் கத்திவிட்டு, எண்ணெய் வழிய விழுந்து கும்பிட்டார்.

நான் பயந்துகொண்டே சங்கைத் திருப்பிப் பார்த்தேன். காலிச் சங்குகளில் குடியேறிக் கரையில் திரியும் நண்டு ஒன்று உள்ளே இருந்தது.

"நண்டுதான் அத்தான்" என்று கும்பிட்டுக் கிடந்தவரிடம் சொன்னேன்.

"ராமேஸ்வரத்து நண்டு சும்மா நண்டா? அதை அங்கனயே கொண்டு விடணும்."

அருவியை மறந்து, தூக்குவாளியில் ஈர மணலோடு நண்டை வைத்து ரயிலேறினார். பாம்பன் பாலத்தில் மூடியைத் திறந்து அதற்குக் கடலைக் காட்டினாராம். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, விட்டாச்சா?" என்று கேட்டார் என் கணவர்.

"விட்டேம்லே. அது பாட்டுக்குப் போயிட்டு. ஒரு வாட்டிகூடத் திரும்பிப் பாக்கல."

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.