ஹில்க்காவின் கறுப்புச் சக்கரங்கள்

பின்லாந்தின் வடகோடியில் இருக்கிற எங்கள் இவாலோவில் அக்டோபர் பிறந்தால் வீட்டுக்கு வீடு பனிக்கால டயர் பேச்சுதான். அந்த வருடம் பள்ளிக்கூடச் சமையல்காரி ஹில்க்காவுக்கு அது வெறும் பேச்சாக இல்லை. மகள் சைமி கர்ப்பமாக இருந்தாள். பிரசவ ஆஸ்பத்திரியோ மூன்றரை மணி நேரத் தொலைவில், ரோவனியெமியில். உறைந்த சாலையோரத்தில் தன் பேரக்குழந்தை பிறந்துவிடக் கூடாது என்ற பயம் அவள் நெஞ்சை அறுத்தது.

மருமகன் இல்மாரி பளபளக்கும் ரிம்மில், பனியில் வழுக்காதபடி சிற்றாணிகள் பதித்த அகலமான ஆணி டயர் வாங்கினான். ஹில்க்கா வாங்கியது கறுப்பு இரும்பு ரிம், ஒடுக்கமான ஆணி டயர்.

"என்ன அத்தை, சைக்கிள்லேருந்து கழட்டினதா?"

"பனியைக் கிழிச்சுத் தரையைப் பிடிக்கும் மாப்பிள்ளை. உங்களது மேலேயே மிதக்கும்."

"கல்யாணத்துக்கு ரப்பர் செருப்பு மாட்டின மாதிரி இருக்கும்மா," என்று சைமி சிரித்தாள்.

புது ஆணிகள் ரப்பரில் அழுந்தி நிலைக்கும்வரை நிதானமாக ஓட்ட வேண்டும். ஹில்க்கா அப்படியே ஊர்ந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இல்மாரியோ முதல் நாளே வெறும் தார்ச்சாலையில் பறந்து, நண்பர்களுக்காகக் கிறீச்சென்று பிரேக் போட்டுக் காட்டினான்.

டிசம்பரில் பனிமேல் மழை பெய்து சாலை கண்ணாடியாக உறைந்த காலையில் சைமிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ் வெளியூர் போயிருந்தது. இல்மாரியின் கார் வாசல் மேட்டிலேயே வழுக்கிச் சுழன்றது. குனிந்து பார்த்தான். ஆணிகள் இருந்த இடமெல்லாம் வெறும் பொத்தல்கள். பனியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

ஹில்க்கா தன் கார்க் கதவைத் திறந்து வைத்தாள். "எழுந்திருங்க மாப்பிள்ளை. அவளைத் தூக்கி என் கார்ல உக்கார வைங்க."

இல்மாரி பின்சீட்டில் சைமியைத் தாங்கிக்கொள்ள, கறுப்புச் சக்கரங்கள் கரகரவென்று பனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு மேடேறின.

"மெதுவா போம்மா, பயமா இருக்கு."

"மெதுவா போறதெல்லாம் அக்டோபர்லயே போயாச்சுடி. நீ ரோட்டைப் பாக்காதே, மூச்சை விடு."

பேத்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில், வெதுவெதுப்பில், வீறிட்டுப் பிறந்தாள்.

ஹில்க்கா கீழே கார் நின்ற இடத்துக்கு வந்தபோது, இல்மாரி மண்டியிட்டுத் தன் கம்பளிக் கையுறையால் அந்தக் கறுப்பு ரிம்மைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"என் பொண்ணு ஏறப் போற வண்டி அத்தை. அழுக்கா இருக்கக் கூடாது."

ஹில்க்கா ஒரு ராணியைப் போல நிமிர்ந்து நின்றாள்.

"அந்தப் பின்சக்கரத்தையும் துடைச்சிடுங்க," என்றாள்.