அடுத்த வீட்டிலும் நானே

திண்டிவனத்தில் எங்கள் நகராட்சிப் பள்ளிக்குப் பிள்ளை சேர்க்க, மே மாத வெயிலில் வீடு வீடாகப் போவோம். ஏழு டீச்சர்களில் தலைமையாசிரியை தவறாமல் கூட்டிப்போவது என்னைத்தான். காரணமில்லாமல் யாரையும் கூப்பிடுகிற ஆளில்லை அவர். எனக்கு முதல் நாளே சந்தேகம்.

ஒரு வீட்டில், பள்ளியில் சேர்க்கும் வயதிலிருந்த பிள்ளையின் அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க புள்ளைய கேக்க வந்துட்டீங்க. உங்க புள்ளைங்க எந்த ஸ்கூல்ல படிச்சிக்கினு இருக்குதுங்க?"

மகனைத் தனியார் பள்ளியில் சேர்த்திருந்த தலைமையாசிரியை, என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். "இந்த டீச்சரக் கேளும்மா."

"எனக்குக் குழந்தை இல்லைங்க" என்றேன்.

அவள் முகம் இளகியது. பிள்ளையின் ஆதார் கார்டை எடுத்துவர உள்ளே போனாள்.

தலைமையாசிரியை என் காதருகில் வந்தார். "அடுத்த வீட்லயும் நீங்களே முன்னால நில்லுங்க டீச்சர்."